புள்ளி

காலை எட்டரைக்கு வாட்ஸப்பில் இடாப்புக் கூப்பிடுகிறேன்.
பதினோராம் தரம், முப்பத்தொரு பேர்.
"வந்திட்டன்" என்பாள் கம்ஷாயினி, தினமும் முதலாவதாக.
மதுமிதன் கட்டைவிரல் ஒன்றை உயர்த்துவான்.
சோபிகாவின் போனில் மூன்று பேர் படிப்பதால்
சில நாள் அவளுக்குப் பதில் தம்பியின் குரல்:
"அக்கா சோறாக்கிறா ரீச்சர்."

நிதுர்சன் ஒரு புள்ளி வைப்பான்.
அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை,
வெள்ளைத் திரையில் எள்ளு விழுந்த மாதிரி.
அதுவும் எட்டரைக்கு அல்ல,
இரவு இரண்டு மணிக்கு, இரண்டே காலுக்கு.

வலயத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
முடித்த அலகு எத்தனை,
அனுப்பிய பயிற்சித்தாள் எத்தனை,
இணைந்தோர் நூற்றுவீதம்.
பிள்ளை என்ன பாடுபடுகுது என்று எழுத
ஒரு கட்டமும் விடவில்லை.
நிதுர்சனின் வரிசையில் புள்ளி என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன். மறுகா அழித்தேன்.

நான் தமிழ் ரீச்சர்.
புள்ளியென்றால் எனக்கு மெய்யெழுத்து,
உயிர் வந்து சேரும்வரை தனியே நிற்கிற உடம்பு.
முற்றுப்புள்ளி என்றும் ஒன்று இருக்கிறது.
அந்த நினைப்பு வந்த இரவு
ஆரையம்பதியில் ஊரடங்கு, நாய்கூடக் குரைக்கவில்லை.
"விடியக் கேளன்" என்று இவர் திரும்பிப் படுத்தார்.
நான் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளிதான்.

ஆறு மணிக்கு எடுத்தேன். தாய்தான் பேசினா.
"புள்ள இப்பதான் தோணியால வந்து படுத்தவன். எழுப்பட்டா?"
வேண்டாம் என்றேன்.
பின்னேரம் அவனே எடுத்தான்.
என்ன கேட்பது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்,
ஏழு கேள்வி. ஒன்றும் வாயில் வரவில்லை.
"நண்டு பட்டதா?" என்றேன்.

பட்டதாம். பெரிசாக இல்லையாம்.
வலை பழசாம். மாமாவுக்கு இடுப்பு நோவாம்.
பின்னால் பனிச்சங்கேணிப் பாலத்துக் காற்று இரைந்தது,
பேச்சுத் தெளிய அங்கேதான் வரவேண்டும்.
"ஏன் மனே இரண்டு மணிக்கு?"
"பகல் டேட்டா முடிஞ்சிரும் ரீச்சர்.
பன்னிரண்டுக்குப் பிறகு இரவு டேட்டா கிடக்கும்.
உங்கட வீடியோ மெல்லமா இறங்கும்.
இறங்கினவுடன புள்ளி வைப்பன். மூண்டரைக்குத் தோணி."

இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.
வந்த கையோடு கணக்கும் வந்தது:
முகம் கழுவி, சேலை கட்டி,
பின்னால் திரைச்சீலை தொங்கவிட்டு
நான் எடுத்த நாற்பது நிமிடம்
ஒரு பிள்ளையின் நித்திரையைத் தின்றிருக்கிறது.

"படுத்தா உறங்குறியா?"
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"கண்ண மூடினாப் பரீட்ச வருது ரீச்சர்.
எப்பெண்டும் சொல்றாங்க இல்ல."
அதற்கு ஒரு நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை.
"எனக்கும் வருது" என்றேன். அது உண்மை.
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்,
காசு ஓடிக்கொண்டிருக்க.

இப்போது வீடியோ இல்லை.
மூன்று நிமிடக் குரல், ஒரு பக்கக் குறிப்பு.
வெள்ளிக்கிழமை பாடமே இல்லை,
யார் வீட்டில் என்ன கறி என்று மட்டும்.
படிவத்தில் என் வீதம் விழுந்துவிட்டது.
அதிபர் கேட்டார். சொன்னேன். "ம்" என்றார்.
அவருக்கும் ஒரு மகள், அறைக் கதவைச் சாத்தியபடி.

நேற்று இரவு ஒன்பதே காலுக்குப் போன் சிணுங்கியது.
புள்ளி இல்லை. எழுத்து.
"நித்திரைக்கு போறன் ரீச்சர்"

குவுக்கும் போவுக்கும் நடுவில் ஒரு ப் வரவேண்டும்,
தலையில் புள்ளியோடு.
நான் திருத்தவில்லை.